ஹம்சாவின் கைராசி

ஹம்சாவுக்குக் கைராசி இல்லை என்று முதலில் சொன்னவர் ஜோசியர் இல்லை. நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர் ராஜரத்தினம். அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர்தான் அவளுக்குக் கைடு. வெளிநாட்டுக்காரர்கள் யாராவது வந்தால் ஆதாரம், நிரூபணம் என்று மணிக்கணக்கில் பேசுவார். அவர்கள் கார் ஏறிய மறுநிமிஷம், புதிதாக வந்த மருந்து பாட்டிலை மேஜைமேல் வைத்து ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருப்பார். அப்புறமும் தன் கையால் திறக்கமாட்டார். "வெங்கடேஷைக் கூப்பிடு, அவன் தொட்டா துலங்கும்" என்பார். வெங்கடேஷ் ஹம்சாவுக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்தவன்.

ஹம்சா மயிலாப்பூர்ப் பெண். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மா சுப்புலக்ஷ்மியோடு குடியிருந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து, தி.நகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சில வருஷம் மாணவிகளுக்கு மைக்ராஸ்கோப் துடைக்கக் கற்றுக்கொடுத்து அலுத்துப்போய், முப்பதை நெருங்கும்போது ஆராய்ச்சிக்கு வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது, உள்ளதை உள்ளபடி, "நண்டு ரத்தம்" என்று சொல்லிவிட்டாள். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. சுப்புலக்ஷ்மி அதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஹம்சாவுக்கு அந்த வாரம் லேபில் நிறைய வேலை நடந்தது.

அவளை நண்டில் கொண்டுபோய் விட்டது ஒரு கேள்வி. அடையாற்று முகத்துவாரத்துச் சேற்றில், ஊர்ச் சாக்கடை அத்தனையும் வந்து சேருகிற இடத்தில், கால் ஒடிந்த நண்டுகூட நன்றாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஏன் சீழ் பிடிப்பதில்லை? ரத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும். பட்டினப்பாக்கம் கரையில் நண்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சாக்கு அசைவதைப் பார்த்து எழுந்துபோவார்கள். உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். இப்படிச் சேர்த்த ரத்தத்திலிருந்து, வடிகட்டி வடிகட்டி, அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்தும் விட்டாள். அது ஒரு பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு. ஒரு சீசன் நண்டு முழுவதும் கொடுத்தது ஓர் உப்புக்கல் அளவுதான். ஆனால் அது அவளுடையது. உலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை என்று நினைத்துக்கொண்டால், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் அவளுக்குக் கால் வலிக்காது.

பிரித்ததோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அது கிருமியைக் கொல்கிறதா, எவ்வளவு போட்டால் கொல்கிறது என்று சொல்லவேண்டும். அதற்கு அந்த லேபில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தட்டு. கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைச் சூடாகக் கரைத்துக் கிருமியைக் கலந்து தட்டில் ஊற்றினால் ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். அதில் குழி தோண்டி மருந்தை விடவேண்டும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் பூத்திருக்கும். மருந்து பரவிய இடம் மட்டும் தெளிந்த வட்டமாகத் தெரியும். மற்றது டியூப். வரிசையாக டெஸ்ட் டியூப்களில் சத்துநீர் ஊற்றி, மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் கிருமியை விடவேண்டும். மறுநாள் கலங்கியிருந்தால் கிருமி பிழைத்தது, தெளிந்திருந்தால் செத்தது.

இரண்டும் ஒன்றையே சொல்லவேண்டும் அல்லவா? ஹம்சாவின் பெப்டைடு விஷயத்தில் சொல்லவில்லை. டியூப் ஒரு நாள் "கொல்கிறது" என்றது. அடுத்த வாரம் "ஏதோ கொஞ்சம்" என்றது. தட்டு என்றைக்குமே வட்டம் காட்டவில்லை. பொய்ச்சாட்சி சொல்ல வந்த இருவர் கோர்ட்டில் ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிற மாதிரி இருந்தது. அவள் தட்டை மாற்றினாள், கிருமியை மாற்றினாள், உப்பைக் குறைத்தாள், வெப்பத்தைக் கூட்டினாள். வருஷக்கணக்கில் இதேதான். போதாக்குறைக்கு, ஒரு நாள் வெங்கடேஷ் விளையாட்டாக அவளுடைய மூலச் சீசாவிலிருந்து நேரே ஒரு சொட்டு எடுத்துத் தன் தட்டில் விட்டான். மறுநாள் வட்டம் வந்தது. சின்ன வட்டம்தான். ஆனாலும் வட்டம்.

"பாத்தியா?" என்றார் ராஜரத்தினம், தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. "அதே மருந்து, அதே அகார். கை மட்டும்தான் வேற."

"சார், தட்டு முறையிலேயே ஏதோ கோளாறு இருக்கு சார். இல்லேன்னா தட்டும் டியூபும் ஏன் வேற வேற..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ஏம்மா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பிரிச்செடுத்தது நீ, அதை யாரும் இல்லேங்கல. அதை மட்டும் எழுதிக் குடு, இந்த வருஷமே டாக்டர் ஹம்சா ஆயிடுவ. டெஸ்ட் பண்றது, அது எப்படிக் கொல்லுதுன்னு பாக்கறது, அதெல்லாம் வெங்கடேஷ் பாத்துக்குவான். ஜூன்ல யூனிவர்சிட்டி திறக்கறதுக்குள்ள உன் தட்டும் டியூபும் ஒண்ணைச் சொன்னா சரி. இல்லேன்னா சீசாவை அவன்கிட்ட குடுத்துடு."

ஹம்சாவுக்குப் புரிந்தது. பட்டத்தை வைத்துக்கொண்டு பெப்டைடைக் கொடுத்துவிடு என்கிறார். நண்டுக்கு ஏன் சீழ் பிடிப்பதில்லை என்பது அவள் கேட்ட கேள்வி. அதற்கு வெங்கடேஷ் பதில் எழுதுவானாம். அவன்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவன் நல்ல பையன், "சாரி மேடம், சும்மா பாத்தேன்" என்று அன்றே சொன்னான். தட்டுமேல்தான் கோபம். அப்புறம் தன் கைமேல்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹம்சாவைப் போலச் சுத்தக்காரி அந்தக் கட்டிடத்திலேயே கிடையாது. சுப்புலக்ஷ்மியின் அடுக்களையில் பெரிய ஜாடியிலிருந்து ஊறுகாயைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றித்தான் எடுப்பார்கள். கிண்ணத்தில் மிஞ்சியது ஜாடிக்குத் திரும்பாது. சாதம் பட்ட கரண்டி தயிர்ப் பக்கம் போகாது. பத்து, எச்சில் என்று இதற்கெல்லாம் பெயர் உண்டு. ஹம்சா இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவோடு சண்டை போடுவாள். லேபுக்கு வந்து அதையே செய்வாள். மூலச் சீசாவில் நேரே பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலை விட்டதே இல்லை. ஒரு புதுக் கண்ணாடி டியூபில் கொஞ்சம் மாற்றிக்கொள்வாள். அதிலிருந்து இன்னொன்றில் மாற்றித் தண்ணீர் கலப்பாள். டியூப் வரிசைக்கு அதிலிருந்து எடுப்பாள். தட்டுக்கு எடுக்கும்போது, திறந்துவைத்ததாயிற்றே என்று மறுபடி ஒரு புது டியூப். அந்த டியூப்களையும் அட்டெண்டர் ஜவஹரிடம் விடாமல், ஆசிட்டில் ஊறப்போட்டுப் பளபளவென்று தானே கழுவிவைப்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை அது. மெட்ராஸில் தண்ணீர் என்றால் லாரி என்று அர்த்தம். லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில், நிலையத்துக்கு வரவேண்டிய லாரி நின்றுபோயிற்று. கைகழுவும் குழாயில் காற்றுதான் வந்தது. ஹம்சாவின் அழுக்கு டியூப்கள், கிருமி பட்டவை ஒரு ஸ்டாண்டிலும் படாதவை தனியாக இன்னொன்றிலும், நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போயின. கழுவின டியூப் தீர்ந்துகொண்டே வந்தது. ஜூன் பக்கத்தில் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாள் போயே ஆகவேண்டியிருந்ததால், "ஜவஹர், லாரி வந்தா இந்த டியூபையெல்லாம் ஆசிட்ல ஊறவெச்சுக் கழுவி, ஆட்டோகிளேவ்ல வெச்சிடுங்கோ" என்று பத்து தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது டியூப்கள் பஞ்சு மூடி போட்டு, நீராவியில் வெந்து, தயாராக இருந்தன. அவளுக்கு உயிர் வந்தது. கடைசி முயற்சி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தாள். ஒவ்வொரு சோதனையிலும் மருந்தே போடாத சில டியூப்களை வைப்பது வழக்கம். அதில் வெறும் சத்துநீரும் கிருமியும் மட்டும். அது கலங்கியே தீரவேண்டும். கலங்கினால்தான் கிருமி உயிரோடு இருந்தது, சோதனை சரியாக நடந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருந்து போட்ட டியூப்கள் தெளிந்திருந்தன, சரி. மருந்து போடாத டியூப்களும் தெளிந்திருந்தன. ஸ்படிகம் மாதிரி.

அந்த நேரம் பார்த்தா ராஜரத்தினம் உள்ளே வரவேண்டும்? ஒரு டியூபை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல சார். இது வெறும் கிருமி."

"வெறும் கிருமிகூட வளரலையா?" அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சிரித்துவிட்டார். "வெறும் தண்ணியில விட்டாக்கூட வளர்ற கிருமிம்மா அது. உன் கைபட்டா அதுவும் செத்துடுதே. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அவர் போனதும் ஹம்சா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். எத்தனை நண்டு, எத்தனை பஸ், எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கைராசி என்று ஒன்று நிஜமாகவே இருந்து, அது தனக்கு இல்லாமலும் இருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. விஞ்ஞானம் படித்தவள் நினைக்கிற நினைப்பா இது? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜவஹரைக் கூப்பிட்டாள். டியூபில் ஆசிட் மிஞ்சியிருக்கவேண்டும், அதுதான் கிருமியைக் கொன்றிருக்கும், இன்றைக்கு அவரை ஒருவழி பண்ணிவிடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

"ஜவஹர், ஆசிட்ல ஊறவெச்சப்புறம் எத்தனை தண்ணியில அலசினேள்?"

ஜவஹர் தலையைச் சொறிந்தார். ஐம்பது வயது மனிதர், அவளிடம் மட்டும் பயம். "இன்னா மேடம், லாரி எங்க வந்துச்சு? ஒரு வாரமா சொட்டுத் தண்ணி இல்ல."

"அப்போ கழுவவே இல்லையா?"

"கோச்சிக்காதீங்க மேடம். நீங்க தனியா வெச்சிகினு இருந்தீங்களே, அந்த ஸ்டாண்டு டியூபுல வெறும் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. நாத்தம்கூட இல்ல. கவுத்து ஊத்திட்டு, பஞ்சு வெச்சு ஆவில வெச்சிட்டேன். மேடம் வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னு பயம்தான்."

ஹம்சா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்படியே திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தாள். தனியாக வைத்திருந்த ஸ்டாண்டு என்றால், அவள் மாற்றி மாற்றி ஊற்றிய டியூப்கள். கிருமி படாதவை. பெப்டைடு இருந்து, காலியானவை. ஆசிட்டே படாத டியூபில் எப்படி ஆசிட் மிஞ்சும்? காலி டியூபில் கிருமியைப் போட்டால் கிருமி சாகிறது என்றால், டியூப் காலியாக இல்லை.

அந்தப் பெப்டைடுக்கு நேர்மின்னூட்டம் அதிகம் என்று அவளே கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். ஆசிட்டில் கழுவின கண்ணாடி அதற்கு நேர் எதிர். எவ்வளவு சுத்தமாகக் கழுவினாளோ, அவ்வளவு பசியோடு கண்ணாடி பெப்டைடைப் பிடித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. முதல் டியூபில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம். கடைசியில் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஒட்டிக்கொண்டதை அவளே மறுபடி ஆசிட் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். வெங்கடேஷ் சோம்பேறி. டியூப் மாற்றமாட்டான், சீசாவிலிருந்து நேரே எடுப்பான். அவனுடைய கைராசி அவ்வளவுதான்.

மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சுப்புலக்ஷ்மி வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தார். "ஏண்டி, ஆத்துல குடிக்கவே ஜலம் இல்லை! கார்த்தாலேந்து பம்ப்பை அடிச்சுண்டு நான் புடிச்சு வெச்சதை நண்டு அலம்ப எடுத்துண்டு போறியே, நியாயமா இது?"

"நண்டு அலம்ப இல்லைம்மா. டியூப் அலம்ப."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

அந்தத் தண்ணீரில் சில பெப்டைடு டியூப்களை ஆசிட் போட்டுக் கழுவினாள். சிலவற்றைக் கழுவாமல் விட்டாள். எல்லாவற்றிலும் கிருமியை விட்டாள். மறுநாள் கழுவினவை மோர் மாதிரி கலங்கியிருந்தன; கழுவாதவை தெளிந்திருந்தன. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் தட்டு மட்டும் இன்னும் முரண்டு பிடித்தது. கண்ணாடியை விட்டுவிட்டு, மூலச் சீசாவிலிருந்து பிளாஸ்டிக் குழலில் எடுத்துப் போட்டால் வட்டம் வந்தது, ஆனால் வெங்கடேஷுடையது மாதிரி சின்னதாக. பிளாஸ்டிக் டியூப் சொன்ன கணக்குக்கு அது கால்வாசிகூட இல்லை. ஒரு நாள் முழுக்கத் தட்டை முறைத்துக்கொண்டிருந்த பிறகு ஹம்சாவுக்கு உறைத்தது. அகாரும் கண்ணாடியின் கட்சி. கடல்பாசியில் அதே எதிர்மின்னூட்டம் இருக்கிறது. குழியிலிருந்து புறப்படுகிற பெப்டைடை அது கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பக்கத்து லேபில் டி.என்.ஏ. வேலை செய்கிற சாருலதாவிடம், அந்த எதிர்மின்னூட்டப் பகுதியெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த அகாரான அகாரோஸ் இருந்தது. தங்கம் விலை. "ஒரு தட்டுக்குத்தான்" என்று கெஞ்சி வாங்கி வந்து ஊற்றினாள். மறுநாள் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் கண்ணைப் பறித்தது. தட்டும் டியூபும் ஒரே எண்ணைச் சொல்லின. ஹம்சா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கூடம் கோணல்தான். அவள் சொன்னது சரி.

ராஜரத்தினம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கழுவின டியூப், கழுவாத டியூப், பழைய தட்டு, புதுத் தட்டு. சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொன்னது தப்புதாம்மா," என்றார். "சீசா உன்னோடது. வெங்கடேஷ்கிட்ட நான் சொல்லிடறேன்."

"தேங்க்ஸ் சார்."

"இரு. இதுல இன்னொண்ணு இருக்கு, உனக்குத் தெரியாம இருக்காது. இத்தனை வருஷமா நீ எடுத்த நம்பர் எல்லாம் எதுல எடுத்தது?"

ஹம்சாவுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு நாளாக அந்த நினைப்பு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, அவள்தான் திறக்கவில்லை.

"எல்லாம் கண்ணாடி டியூப்," என்றார் அவர். "எல்லாம் பழைய அகார். இந்த ரிசல்ட் நிக்கணும்னா அது ஒண்ணும் நிக்காது. ஒரு நம்பரைக்கூட எடுத்துக்க முடியாது. சீசாவுல மிச்சம் இருக்கறது பத்து தட்டுக்குக் காணாது. மறுபடி நண்டுலேருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம், மூணு வருஷம். நான் எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கித் தரேன், அது என் பொறுப்பு. இல்லே, பழையபடி பிரிச்செடுத்ததை மட்டும் எழுதிக் குடுத்துட்டு டெஸ்டை வெங்கடேஷுக்கு விட்டா, டிசம்பர்ல உனக்குப் பட்டம். யாரும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டாங்க. நீயே சொல்லு."

வெளியே ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. ஹம்சாவுக்கு அவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை; அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நானே பண்றேன் சார்," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நானே பண்றேன்."

வீட்டுக்கு வரும்போது சாயங்கால வெயில் இன்னும் சந்திலிருந்து போகவில்லை. சுப்புலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கீரையைத் தள்ளிவைத்தார்.

"என்னடி இது, கண்ணெல்லாம் செவந்திருக்கு? அந்தப் பையனுக்கே தூக்கிக் குடுத்துட்டாளா?"

"இல்லைம்மா. எனக்கேதான். நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துண்டுட்டார்."

"ஜெயிச்சுட்டேன்னு சொல்லு. பின்னே என்னத்துக்கு அழுதுண்டு வரே?"

"எல்லாத்தையும் முதல்லேந்து பண்ணணும்மா. இன்னும் மூணு வருஷம்."

சுப்புலக்ஷ்மிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தோத்திருந்தா?" என்று கேட்டார்.

ஹம்சா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "தோத்திருந்தா, டிசம்பர்லேயே டாக்டர் ஆயிருப்பேன்."